தமிழ் தெரியாத டைரக்டர்

தேனிப் பக்கம் சினிமாவைப் பற்றிப் பேச்செடுத்தால் அது கடைசியில் மண்ணில் வந்துதான் நிற்கும். அல்லிநகரத்துப் பாரதிராஜா, பண்ணைப்புரத்து இளையராஜா, வடுகபட்டி வைரமுத்து என்று வரிசை சொல்லி, இந்த மலையடிவாரத்துக் காற்றில் ஏதோ இருக்கிறது என்று முடிப்பார்கள். போடியிலும் சிலமலையிலும் தேவாரத்திலும் இந்தப் பெருமை கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. பெருமைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பெருமையிலிருந்து ஒரு கோட்பாடும் முளைத்துவிட்டது: ஒரு மண்ணின் கதையை, அங்கே பிறந்து அதன் பேச்சைப் பேசி வளர்ந்தவரால்தான் படமாக்க முடியும் என்பது. இதற்குச் சாட்சியாக எப்போதும் முன்னே வைக்கப்படுவது 1977இல் வந்த ‘16 வயதினிலே’. அந்தப் படம் பெரும்பாலும் கர்நாடகத்துக் கொள்ளேகால் பக்கத்தில் எடுக்கப்பட்டது. ஒளிப்பதிவு செய்த நிவாஸ் கோழிக்கோட்டுக்காரர். நம் ஊராகவே நமக்குத் தெரிந்த ஊர் நம் ஊரில் இல்லை. அதைப் பார்த்த கண் நம் மண்ணில் பிறந்ததும் இல்லை. பாரதிராஜாவின் சாதனை இதனால் ஒரு துளியும் குறையாது. ஆனால் மண், மொழி, பார்வை மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தாக வேண்டும் என்ற கோட்பாடு இங்கேயே ஆட்டம் காண்கிறது. இதைவிடக் கடுமையான சோதனை ஒன்று, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் சினிமாவில் நடந்திருக்கிறது. அந்தச் சோதனையின் பெயர் எல்லிஸ் ஆர். டங்கன்.

டங்கன் 1909இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பார்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தார். அங்கே உடன் படித்தவர் மாணிக் லால் டாண்டன். டாண்டன் அழைத்ததால் 1935இல் இந்தியாவுக்கு வந்தார். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வந்தவர், இடையில் ஊர் போய் வந்தாலும் 1950 வரை இங்கேதான் வேலை செய்தார். கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கி நடித்ததாகப் பேசப்பட்ட ‘நந்தனார்’ படத்தை டாண்டன் இயக்கியபோது அதில் கைகொடுத்தார். அடுத்த ஆண்டே ‘சதி லீலாவதி’யைத் தாமே இயக்கினார். பிறகு ‘சீமந்தனி’, ‘இரு சகோதரர்கள்’, ‘அம்பிகாபதி’, ‘சகுந்தலை’, ‘காளமேகம்’, ‘தாசிப்பெண்’, ‘மீரா’, ‘பொன்முடி’, ‘மந்திரி குமாரி’ என்று பட்டியல் நீள்கிறது. இந்தப் பதினைந்து ஆண்டுகளில் அவர் தமிழ் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. வசனம் சரியாக வருகிறதா, பாட்டு வரி தப்புகிறதா என்று கவனிக்கப் பக்கத்தில் தமிழ் அறிந்த உதவியாளர்கள் இருந்தார்கள். டங்கனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் வியந்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள். வியப்பில் என்ன இருக்கிறது? அவருக்குத் தமிழ் தெரியாததால் தமிழ் சினிமாவில் என்ன நடந்தது என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி. என் பதில் இது: இயக்கம் என்ற வேலை, கதை சொல்வதிலிருந்தும் வசனம் எழுதுவதிலிருந்தும் நாடக வாத்தியார் வேலையிலிருந்தும் பிரிந்து தனித் தொழிலாக நின்றதற்கு அந்த அறியாமையே ஒரு முக்கியக் காரணம்.

அன்றைய நிலவரத்தைப் பார்த்தால்தான் இது விளங்கும். 1931இல் வந்த ‘காளிதாஸ்’ முதல், தமிழ்ப் பேசும் படம் என்பது மேடை நாடகத்தின் நீட்சியாகவே இருந்தது. கதை மேடையிலிருந்து வந்தது. நடிகர்கள் பாய்ஸ் கம்பெனிகளிலிருந்து வந்தார்கள். பாட்டு அதற்கும் மேலே; 1934இல் வந்த ‘பவளக்கொடி’யில் ஐம்பது பாட்டுகள். நாடகக் கம்பெனியில் வாத்தியார் என்றால் பாடம் சொல்லிக் கொடுப்பவர், உச்சரிப்பைத் திருத்துபவர், பாட்டை மனப்பாடம் பண்ண வைப்பவர், தேவைப்பட்டால் பிரம்பை எடுப்பவர். கேமரா முன்னால் அவரே உட்கார்ந்தபோது அவர் காது முதலில் கேட்டது வசனத்தை. வசனம் பிசகாமல் வந்துவிட்டால் காட்சி முடிந்தது. கேமரா எங்கே நிற்கிறது, எவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறது, எப்போது வெட்டுகிறது என்பதெல்லாம் ஒளிப்பதிவாளரின் கவலை. டங்கன் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தபோது அவரால் செய்ய முடியாத ஒரே காரியம் வசனத்தைக் கேட்பது. மீதி எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டியிருந்தது. முகத்தைப் பார்த்தார், நடையைப் பார்த்தார், வெளிச்சத்தைப் பார்த்தார். ஏலக்காய் பறிக்கிறவருக்குச் செடி தெரிய வேண்டும், ஸ்டோரில் வாட்டுகிறவருக்கு நெருப்பு தெரிய வேண்டும். இரண்டும் ஒரே கையில் இருக்க வேண்டியதில்லை என்பது போடிக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

‘சதி லீலாவதி’யிலேயே இந்தப் பிரிவினையின் தொடக்கம் இருக்கிறது. கோயம்புத்தூர் மருதாசலம் செட்டியாரின் மனோரமா பிலிம்ஸ் எடுத்த படம், கதை எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர். குடியால் கெட்ட ஒருவன், நண்பனைக் கொன்றுவிட்டோம் என்று தவறாக நம்பி இலங்கைக்குத் தப்பிப்போய்த் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்கிறான். புராணத்தையும் மகாபாரதக் கிளைக்கதைகளையும் பார்த்துப் பழகியவர்களுக்கு முன்னால் எஸ்டேட்டும் கூலி வாழ்க்கையும் திரையில் வந்தன. கங்காணியின் பின்னால் மலையேறிப் போன சொந்தக்காரர் இல்லாத வீடு அன்றைய தென் மாவட்டங்களில் குறைவு. ஏலமலைச் சரிவிலிருந்த ஊர்களுக்கோ எஸ்டேட் என்பது தலைக்கு மேலேயே இருந்தது. இந்தக் கதை மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியின் ‘பதிபக்தி’ நாடகத்தைப் போல இருக்கிறது என்று வழக்கு வந்தது. இரண்டுக்கும் மூலம் ஹென்றி உட் அம்மையாரின் ஆங்கில நாவல் ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்று வாசனே சொன்னதும் அந்த வழக்கு ஓய்ந்தது. தமிழ் மண்ணின் கதை என்று பெயரெடுத்தது 1860இல் இங்கிலாந்தில் வெளியான மதுவிலக்கு நாவலின் பேரப்பிள்ளை. அதற்காக அதில் இருந்த எஸ்டேட் பொய்யாகிவிடுமா? எங்கிருந்து வந்த கதை என்பதைவிட, இங்கே வந்து எதைப் பார்த்தது என்பதுதான் கணக்கு. எம்.ஜி.ஆர்., டி.எஸ். பாலையா, எம்.கே. ராதா ஆகியோரின் திரைவாழ்வு இந்தப் படத்திலிருந்துதான் தொடங்குகிறது. (பிற்பாடு 1984இல் நியூயார்க் மருத்துவமனையில் படுத்தபடியே ஆண்டிபட்டியில் ஜெயித்த எம்.ஜி.ஆரை முதன்முதலில் கேமராவுக்கு முன் நிறுத்தியவர் ஓர் அமெரிக்கர் என்பதை நம் பக்கத்து அரசியல் மேடைகள் சொல்வதில்லை.)

என் வாதத்துக்கு மிக உறுதியான சான்று ‘அம்பிகாபதி’. 1937இல் வந்த இந்தப் படத்தில் தியாகராஜ பாகவதர் அம்பிகாபதி, எம்.ஆர். சந்தானலட்சுமி அமராவதி, செருகளத்தூர் சாமா கம்பர், பாலையா வில்லன். கம்பர் மகனின் காதலைப் படமாக்குகிறோம் என்றால் தமிழில்தான் உயிர் இருக்க வேண்டும். டைரக்டருக்கோ தமிழ் தெரியாது. எனவே தமிழை முழுக்க இன்னொருவர் கையில் ஒப்படைக்க வேண்டிவந்தது. அந்த ஒருவர் ‘மணிக்கொடி’ எழுத்தாளர் இளங்கோவன். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் காதல் காட்சிகளை மனத்தில் வைத்து எழுதும்படி டங்கன் அவரிடம் கேட்க, இளங்கோவன் அதைத் தமிழ்க் காவிய நடைக்குக் கொண்டுவந்தார். வசனகர்த்தா என்ற தனிப்பெயரோடு ஒருவர் மதிக்கப்பட்டது ஏறத்தாழ இங்கிருந்துதான். பிறகு ‘கண்ணகி’க்கும் ‘ஹரிதாஸு’க்கும் இளங்கோவன் எழுதியபோது அவர் பெயருக்கே ஒரு வாசகர் கூட்டம் சேர்ந்துவிட்டது. டைரக்டரே தமிழ்ப் புலவராகவும் இருந்திருந்தால் அந்த நாற்காலி காலியாகியிருக்காது. டங்கன் உட்கார முடியாத நாற்காலியில் இளங்கோவன் உட்கார்ந்தார். அதே படத்தில் டங்கன் தம் வேலையைப் பார்த்தார்: காதலர்களைக் கிட்டத்தில் நிறுத்தினார், கேமராவை நகர்த்தினார், மேடையில் ஒருவரை ஒருவர் தொடாமல் நின்று பாடிய ஜோடியை ஒரு மூச்சுத் தூரத்துக்குக் கொண்டுவந்தார்.

இங்கே மூன்று ஆட்சேபங்கள் எழும். முதலாவது, இதையெல்லாம் டங்கனுக்கு முன்பே தமிழர் செய்துவிட்டார்கள் என்பது. உண்மைதான். புதுக்கோட்டையில் பிறந்து, உடற்பயிற்சி வீரராகப் பம்பாய் மௌனப் படங்களில் நுழைந்து நடிகராகவும் டைரக்டராகவும் ஆன ராஜா சாண்டோ, 1935இல் டி.கே.எஸ். சகோதரர்களை வைத்து ‘மேனகா’ எடுத்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல், சமகாலக் கதை, படப்பிடிப்பு பம்பாயில். மேடை நடிகர்களுக்கு ‘கத்தாதே, கேமராவுக்கு நடி’ என்பதைக் கற்றுக்கொடுத்தவர்களில் முதல் இடம் அவருக்குத்தான். கே. சுப்ரமணியம் தமிழ் சினிமாவுக்குச் சமூகப் பார்வை தந்தார், கே. ராம்நாத் போன்றவர்கள் தொழில்நுட்பத்தைக் கற்றுத் தேர்ந்தார்கள். யார் முதல் என்ற பந்தயத்தில் டங்கனை நிறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ராஜா சாண்டோவால் நடிகரை அதட்டவும் முடியும், வரியைத் திருத்தவும் முடியும், பிடிக்காவிட்டால் காட்சியையே மாற்றவும் முடியும், எல்லாமும் அவரே. அவருடைய திறமை அவரோடு போய்விடும். டங்கனின் குறையோ ஒரு ஏற்பாட்டை உருவாக்கிவிட்டுப் போனது. எழுத்தாளர் ஒருவர், பாட்டுக்கு ஒருவர், நகைச்சுவையைத் தாமே எழுதிப் பார்த்துக்கொள்ளும் என்.எஸ். கிருஷ்ணன் ஒருவர், இவர்களையெல்லாம் ஒரே படச்சட்டத்துக்குள் கொண்டுவர டைரக்டர் ஒருவர்.

இரண்டாவது ஆட்சேபம் தோல் நிறத்தைப் பற்றியது. வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலம். அமெரிக்காவிலிருந்து சினிமா படித்துவிட்டு ஒரு வெள்ளைக்காரர் வந்தால் பணம் போடுகிறவருக்கு அதுவே ஒரு விளம்பரம். அதே படிப்போடு ஒரு தமிழ் இளைஞர் வந்திருந்தால் அத்தனை வேகமாகக் கதவு திறந்திருக்குமா என்று கேட்டால், திறந்திருக்காது என்பதே நேர்மையான பதில். அவர் உள்ளே வந்ததற்கு நிறம் காரணம் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் திரும்பத் திரும்ப அழைக்கப்பட்டதற்கு நிறம் போதாது. கோவை முதலாளி, பிறகு ‘மீரா’வைத் தயாரித்த சதாசிவம், பிறகு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத, காசைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிறவர்கள் பதினைந்து ஆண்டுகளாக அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சுந்தரம் ஒழுங்குக்கும் சிக்கனத்துக்கும் பெயர்போனவர், இங்கிலாந்தில் படித்தவர், வெள்ளைத் தோலைக் கண்டு மயங்கியிருப்பார் என்று நம்ப முடியாது. நாடு விடுதலையடைந்து மூன்று ஆண்டு கழித்து, திராவிட இயக்கத்தின் தமிழ் உணர்ச்சி உச்சத்தில் இருந்த 1950இல், பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியத்தை ‘பொன்முடி’யாகவும், கருணாநிதியின் நாடகத்தை ‘மந்திரி குமாரி’யாகவும் எடுக்க அவர் டங்கனைத்தான் அமர்த்தினார்.

இந்த இரண்டு படங்களுக்கும் இடையில் மாட்டிக்கொள்வதற்கு முன் ‘மீரா’வைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். 1945 தீபாவளிக்கு வந்த படம். எழுத்துக்குக் கல்கி, பாட்டுக்குப் பாபநாசம் சிவன், இசைக்கு எஸ்.வி. வெங்கட்ராமன், பாட எம்.எஸ். சுப்புலட்சுமி, காதுக்கு வேண்டியதெல்லாம் நிரம்பி வழிந்தது. டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் கண்ணுக்கு வேண்டியதைத் தேடினார்கள். எம்.எஸ்ஸின் முகத்தைப் போலவே பிளாஸ்டரில் ஒரு மார்பளவுச் சிலை செய்யச் சொல்லி, அதன்மேல் பல கோணங்களில் விளக்குப் போட்டுப் படமெடுத்துப் பார்த்தார்கள். எந்த வெளிச்சத்தில், எந்தச் சாய்வில் அந்த முகம் பக்தையாகத் தெரிகிறது என்பதை முடிவு செய்த பிறகே பாடகியைக் கேமராவுக்கு முன் நிறுத்தினார்கள். பாடகி வந்து பாடினால் போதும், ஜனம் கேட்கும் என்று எல்லோரும் நினைத்த காலத்தில் ஒரு பிளாஸ்டர் பொம்மைக்கு முன்னால் நேரம் செலவழித்தார் டைரக்டர். சிறுமி மீரா பாடிக்கொண்டே வளர்ந்து பெரியவளாகும் இடத்தில், சதாசிவத்தின் மகள் ராதாவின் முகத்திலிருந்து எம்.எஸ்ஸின் முகத்துக்குப் படம் போகிறது. பாட்டு அறுபடவில்லை; பல ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. ராஜஸ்தானத்துக்கே போய் எடுத்த வெளிப்புறக் காட்சிகளும் அப்படித்தான்; திரைச்சீலையில் வரைந்த அரண்மனையில் திருப்தியடைய அவர் தயாராக இல்லை. 1947இல் இதன் இந்திப் பதிப்பு சரோஜினி நாயுடுவின் அறிமுக உரையோடு வந்தது.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. பதினைந்து ஆண்டு ஒரு மொழியை வைத்துச் சோறு தின்றவர் அதைக் கற்றுக்கொள்ளாமலே போனது அலட்சியம் அல்லவா? ஆம், அலட்சியம்தான், இதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. அந்த அலட்சியத்துக்குத் தமிழ் சினிமா விலையும் கொடுத்தது. வசனம் தனித் தொழிலானதும், ஒரு கட்டத்தில் அது டைரக்டரின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ‘மந்திரி குமாரி’யின் வெற்றியை அன்றைய ஜனம் கருணாநிதியின் தமிழுக்குத்தான் எழுதிவைத்தது. இரண்டே ஆண்டில் ‘பராசக்தி’ வந்தபோது எழுதியவரின் பெயரை ஊரே சொன்னது, இயக்கிய கிருஷ்ணன்–பஞ்சுவின் பெயரைச் சிலரே சொன்னார்கள். ஐம்பதுகளில் பெரும்பாலான படங்கள் காதால் பார்க்கப்பட்டன. 1959இல் ‘கல்யாணப் பரிசு’வோடு ஸ்ரீதர் எழுத்தையும் இயக்கத்தையும் மறுபடி ஒரே கையில் சேர்த்தார். எழுபதுகளில் பாரதிராஜா டைரக்டரையே படத்தின் முகமாக்கினார். டங்கனின் காலத்தில் பிரிந்தது அவர்களிடம் திரும்பச் சேர்ந்தது. ஆனால் சேர்ந்தது பழைய வாத்தியார் வேலை அல்ல. இடையில் இயக்கம் என்று ஒரு தொழில் தனியாகப் பழகப்பட்டிருந்ததால்தான், கண்ணால் யோசிக்கத் தெரிந்த எழுத்தாளர்கள் டைரக்டர் நாற்காலியில் உட்கார முடிந்தது.

காதல் காட்சிகளின் நெருக்கத்துக்காகப் ‘பொன்முடி’ கடுமையாகத் திட்டு வாங்கியது. வெள்ளைக்காரன் நம் பண்பாட்டைக் கெடுக்கிறான் என்று சொன்னவர்கள் உண்டு. கதையின் மூலத் தலைப்பிலேயே முத்தம் இருப்பதைத் திட்டியவர்கள் மறந்துவிட்டார்கள் போலும். அந்தக் கோபத்தில் எனக்கு அதிக அக்கறை இல்லை. ‘மந்திரி குமாரி’யின் மலையுச்சிக் காட்சிதான் நின்று பார்க்க வேண்டியது. ஐம்பெருங்காப்பியங்களில் பெரும்பகுதி அழிந்துபோன குண்டலகேசியின் கதை அது. கள்வனாகிய கணவன் பார்த்திபன் மனைவி அமுதவல்லியைக் கொல்ல மலைக்குக் கூட்டிப் போகிறான். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய பாட்டு இனிமையாக ஓடிக்கொண்டிருக்க, எஸ்.ஏ. நடராஜனும் மாதுரி தேவியும் மேலே மேலே ஏறுகிறார்கள். உண்மை தெரிந்ததும், கடைசியாக உங்களை மூன்று முறை வலம் வர வேண்டும் என்று கேட்டு, பின்னால் வரும்போது அவள் அவனைத் தள்ளிவிடுகிறாள். வசனத்துக்காகவே பேர் வாங்கிய படத்தில், ஜனம் ஐம்பது ஆண்டுக்கு மேலாக நினைவு வைத்திருப்பது ஏறுவதையும் சுற்றுவதையும் தள்ளுவதையும். போடிமெட்டுக்கோ குரங்கணிக்கோ ஏறிப் பழகியவருக்குத் தெரியும், விளிம்பில் நிற்கும்போது பேச்சு குறைந்து காலடிதான் பெரிதாகும். படத்தின் பெயர்ப்பட்டியலில் டங்கனோடு டி.ஆர். சுந்தரத்தின் பெயரும் இருக்கிறது. டங்கன் பாதியில் அமெரிக்கா திரும்பியதும் மீதியை முடித்தவர் அவர். எனவே இந்தக் காட்சியின் முழுப் புகழையும் ஒருவருக்கே எழுதிவைப்பது நியாயமில்லை. அதுவும் என் பக்கமே பேசுகிறது: தமிழ் அறியாத ஒருவர் வைத்துவிட்டுப் போன வேலையை, தமிழ் அறிந்த ஒருவர் தையல் தெரியாமல் முடித்திருக்கிறார் என்றால், அவர்களுக்கு இடையில் மொழியைத் தவிர வேறொரு பொதுத் தொழில் இருந்திருக்கிறது.

அமெரிக்கா திரும்பிய டங்கன் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் ஆவணப்படங்கள் எடுத்துக்கொண்டு வாழ்ந்தார். 2001இல் தம் வாழ்க்கைக் கதை ‘எ கைடு டு அட்வெஞ்சர்’ வெளியான அதே ஆண்டில், 92 வயதில் காலமானார். 2013இல் கரண் பாலி ‘ஆன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்’ என்று அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். கேமராவைத் தூக்கிக்கொண்டு இந்த மலைச் சரிவுகளில் குறும்படம் எடுக்கக் கிளம்பும் இளைஞர்கள் நம் பக்கம் இப்போது நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘மந்திரி குமாரி’யின் அந்த மலையேற்றத்தை முதலில் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள், பிறகு சத்தத்தோடு பாருங்கள். டைரக்டர் வேலை எங்கே முடிகிறது, தமிழ் எங்கே தொடங்குகிறது என்று உங்களுக்கே தெரியும்.